பாங்காக்கின் இரவுக்கூடங்கள்: உரிமம், நிலம், கடிகாரம்

பாங்காக்கில் இரவு நேரத்தில் மதுவும் பாட்டும் ஆட்டமுமாக நடக்கும் எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒன்று, 1966ஆம் ஆண்டின் கேளிக்கையிடச் சட்டப்படி உரிமம் பெற்ற கூடம், மற்றது, உணவகம். நடனக்கூடம், பணிப்பெண்கள் உடனிருந்து உபசரிக்கும் மதுக்கூடம், குளியல்-மசாஜ் நிலையம், இசையோடு மது விற்று நள்ளிரவைத் தாண்டும் கடை ஆகியவை முதல் வகை. இவற்றுக்குக் காவல்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். கோயில், பள்ளி, மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் உரிமம் கிடையாது. இவ்வளவையும் கடந்து உரிமம் பெறுவது கடினம் என்பதால், ஏராளமான பார்களும் கிளப்புகளும் உணவகம் என்று பதிந்துகொண்டு இயங்குகின்றன. ஆடுவதற்குத் தளம் இருக்கும், மேடையில் இசைக்குழு இருக்கும். பதிவேட்டில் மட்டும் அது சோறு விற்கும் கடை. இந்நகரின் இரவைப் பற்றி வெளியில் பேசப்படுவதெல்லாம் கேளிக்கையைப் பற்றித்தான். ஆனால் கூடங்கள் எங்கே முளைத்தன, உள்ளே எப்படி அமைந்தன, எப்போது மூடப்படுகின்றன என்பதையெல்லாம் தீர்மானித்தவை உரிமமும் நில வாடகையும் மூடும் நேரமும்தான்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரின் இரவு யாவரட் எனப்படும் சீனர் பகுதியில் இருந்தது. உணவகம், நாடகக் கொட்டகை, அபினிக் கூடம், சூதாட்டம் எல்லாம் அந்தச் சாலையையும் அதன் சந்துகளையும் ஒட்டி நடந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிபுன் சொங்கிராம் அரசு, கிராமத்து வட்ட நடனம் ஒன்றைத் திருத்தி, 'ராம்வொங்' என்ற பெயரில் தேசிய நடனமாகப் பரப்பியது. போருக்குப் பின் அதுவே வியாபாரமானது. திருவிழாத் திடல்களில் மேடை கட்டி, ஆண்கள் சீட்டு வாங்கிக்கொண்டு மேடையேறிப் பெண்களோடு ஒரு சுற்று ஆடும் ராம்வொங் குழுக்கள் நாடெங்கும் தோன்றின. காசுக்கு ஆட்டத்துணை என்ற ஏற்பாடு அமெரிக்கச் சிப்பாய் கொண்டுவந்தது என்று பலரும் எழுதுவதுண்டு. அவன் வருவதற்கு முன்பே அது உள்ளூரில் இருந்தது. மேல்தட்டினரின் இரவு வேறு: ஓரியண்டல் ஹோட்டலின் பாம்பூ பார் 1953இல் திறந்தது, 1956 டிசம்பரில் பென்னி குட்மன் தன் குழுவோடு பாங்காக் வந்தபோது, ஜாஸ் பித்தரான மன்னர் பூமிபோல் அவரோடு சேர்ந்து வாசித்தார்.

1960இல் சரித் தனராட்டின் ராணுவ அரசு பாலியல் தொழிலைச் சட்டப்படி தடைசெய்தது. ஆறே ஆண்டுகளில் வந்த கேளிக்கையிடச் சட்டம், பணிப்பெண்களோடு நடக்கும் மதுக்கூடத்துக்கும் குளியல்-மசாஜ் நிலையத்துக்கும் உரிமம் தரும் வகை செய்தது. ஒரு கை மூடிய கதவை மறு கை திறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். 1967இல், வியட்நாமில் போரிடும் அமெரிக்க வீரர்கள் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் தாய்லாந்து வருவதற்கான உடன்பாடு கையெழுத்தானது. அதுபோக, தாய்லாந்தின் விமானத் தளங்களிலேயே உச்சகட்டத்தில் ஏறத்தாழ 50,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். அவர்களை நம்பிப் புதிய பெட்சபுரிச் சாலையில் ஹோட்டல்களும் பார்களும் மசாஜ் நிலையங்களும் வரிசையாக எழுந்தன. 1976இல் கடைசிப் படைகள் வெளியேறியதும் அந்தச் சாலையின் பவிசு மங்கிவிட்டது. தொழில் மட்டும் மங்கவில்லை. சிப்பாயின் இடத்தில் சுற்றுலாப் பயணி வந்து உட்கார்ந்தான்.

பாட்போங்கின் கதை, நிலத்தின் பங்கைத் தெளிவாகக் காட்டும். சீலோம், சுரவொங் என்ற இரு பெரிய சாலைகளுக்கு நடுவே இருந்த தோட்ட நிலத்தை, ஹைனான் சீன வம்சாவளியைச் சேர்ந்த பாட்போங்பானிச் குடும்பம் 1946இல் வாங்கியது. இரு சாலைகளையும் இணைத்துத் தன் செலவில் தெருப் போட்டு, இருபுறமும் கடை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டது. முதலில் வந்தவை விமான நிறுவனங்களும் அயல்நாட்டு வணிக அலுவலகங்களும்தான், சி.ஐ.ஏ.வின் மறைமுக விமான நிறுவனமான ஏர் அமெரிக்காவும் அவற்றில் ஒன்று. அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்காக உணவகங்களும் பார்களும் வந்தன. 1969இல் மேடையில் பெண்கள் ஆடும் கோ-கோ பார் இங்கே அறிமுகமானது. எழுபதுகளில் அலுவலகங்கள் வெளியேற, பார்கள் தெருவையே எடுத்துக்கொண்டன. தெரு தனியார் சொத்து என்பதால் யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதை ஒரே குடும்பம் முடிவு செய்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெருவின் நடுவே போலிக் கைக்கடிகாரமும் பனியனும் விற்கும் இரவுச் சந்தைக்கு இடம் விட்டதும் அவ்வாறு எடுத்த முடிவுதான். சந்தை வந்த பிறகு குடும்பத்தோடு வரும் பயணிகள் பெருகினார்கள், பார்கள் சுருங்கின. இதே சீலோம் சாலையில் சற்றுத் தள்ளித்தான் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நவராத்திரியின் முடிவில் அம்மன் ஊர்வலம் வரும் இரவில் சீலோமில் வண்டிகள் நிற்கும். தாய்லாந்துக்காரர்களே பெரும்பான்மையாகக் கூடிச் சாமந்திப் பூவோடு காத்திருப்பார்கள்.

அசோக் சந்திப்புக்கு அருகிலுள்ள சோய் கவ்பாய் (சோய் என்றால் சந்து) இன்னும் சிறியது. இரு தெருக்களை இணைக்கும் ஒரே சந்து. எப்போதும் கவ்பாய் தொப்பியோடு திரிந்த முன்னாள் அமெரிக்க விமானப்படை வீரர் ஒருவர் 1977இல் அங்கே பார் திறந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நானா பிளாசா மூன்று மாடிகளில் முற்றத்தைச் சுற்றி அமைந்த ஒரே கட்டடம். உலகம் முழுவதும் பாங்காக்கின் இரவு என்று படம் பிடிக்கப்படும் இடங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். மூன்றும் சேர்ந்தே சிறிய பரப்புதான். புறநகரையும் சேர்த்தால் ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊரில் மிச்ச இரவு வேறு எங்கோ நடக்கிறது.

அது நடக்கும் இடங்களில் முக்கியமானது ஆர்.சி.ஏ. என்று அழைக்கப்படும் ராயல் சிட்டி அவென்யூ. கடையும் குடியிருப்புமாகத் திட்டமிட்டுத் தொண்ணூறுகளில் கட்டப்பட்ட நீண்ட வரிசை அது. எதிர்பார்த்த வியாபாரிகள் வராததால் காலியாக நின்ற கூடங்களை இளைஞர்களுக்கான பப்புகள் குறைந்த வாடகைக்குப் பிடித்தன. குடியிருப்போர் குறைவு என்பதால் சத்தத்துக்குப் புகார் சொல்ல ஆளில்லை. ராட்சடா எனச் சுருக்கி அழைக்கப்படும் ராட்சடாபிசேக் சாலையும் அப்படியே. அகலமான புதிய சாலை, பெரிய மனைகள், வண்டி நிறுத்த இடம். தோங்லோர், எக்கமாய் தெருக்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடும் கிளப்புகள் 2000க்குப் பின் பெருகின.

உள்ளூர்க் கிளப்பின் உள்ளமைப்பு வெளிநாட்டவரைக் குழப்பும். தனியாக ஆடுதளம் இராது. இடுப்பளவு உயரத்தில் சின்ன வட்ட மேசைகள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு கூட்டமும் தன் மேசையைச் சுற்றி நின்று குடிக்கும், அங்கேயே ஆடும், அடுத்த மேசைக்குப் போகாது. மது கிளாஸ் கணக்கில் அல்ல, பாட்டில் கணக்கில் வரும். ஒரு முழு விஸ்கி பாட்டிலோ உள்நாட்டு ரம்மோ, கூடவே ஐந்தாறு சோடா, கோலா, ஒரு வாளி ஐஸ். பணியாள் இடுக்கியால் ஐஸ் போட்டு, கேட்காமலே கிளாஸை நிரப்பிக்கொண்டிருப்பார். கடைக்கு லாபம் பாட்டிலில் மட்டுமல்ல, அந்தச் சோடாவிலும் ஐஸிலும் இருக்கிறது. மிஞ்சிய மதுவை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. பாட்டிலில் எதுவரை இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு, பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு சீட்டுத் தருவார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் வந்தால் மிச்சத்தைத் தொடரலாம். வாடிக்கையாளரைத் திரும்ப வரவழைக்க இதைவிட மலிவான வழி இல்லை. மேசை மேசையாகப் போய்த் தன் நிறுவனத்தின் பீரை விற்கும் சீருடைப் பெண்கள் தனி வகை. அவர்களுக்குச் சம்பளம் தருவது பாரல்ல, பீர் நிறுவனம்.

இசான் மக்களின் கூடங்களைப் பற்றி வழிகாட்டி நூல்களில் சில வரிகளுக்கு மேல் இராது; ஆனால் நகரத்தின் டாக்சி ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, வீட்டு வேலைக்காரர், ஆலைப் பெண்கள் ஆகியோரில் பெரும்பங்கினர் வடகிழக்கான இசானிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்காக பட்டனாகான் சாலை போன்ற இடங்களில் கொட்டகை அளவுக்கு மண்டபங்கள் இருக்கின்றன. மேடையில் கேன் என்னும் மூங்கில் குழல் கருவியும் பின் என்னும் நரம்புக் கருவியும் மின்கிதாரோடு சேர்ந்து ஒலிக்க, மோர்லாம் எனும் நாட்டுப்பாட்டுப் பாடகர்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடுவார்கள். பின்னால் இறகு உடையில் நடனக் குழு. மேசைகளில் பப்பாளி சாலட், பொரித்த பூச்சி, ஒட்டு அரிசிச் சோறு. பிடித்த பாடகருக்கு மேடை ஓரம் போய் மாலை போடுவது இங்கே வழக்கம். மாலையைக் கூடமே விற்கும். அதில் நூறு, ஐந்நூறு, ஆயிரம் பாட் நோட்டுகளைக் குத்தி நீட்டுவார்கள். பாட்டை நிறுத்தாமல் குனிந்து கழுத்தில் வாங்கிக்கொண்டு, போட்டவரின் பெயரையும் ஊரையும் அடுத்த அடியில் சேர்த்துப் பாடிவிடுவார் பாடகர். நாள் முழுக்க வண்டியோட்டிய ஒருவரின் ஊர்ப்பெயர் ஆயிரம் பேர் நடுவே ஒலிக்கும். நகரின் இரவுக்கூடங்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் கூரைமேல் பார்களைவிட இவற்றைச் சொல்வதே நியாயம்.

இசைக்காகவே நடக்கும் பப்புகள் வேறு வரிசை. வெற்றிச் சின்னத்துக்கு அருகிலுள்ள சாக்ஸபோன் 1987 முதல் ஜாஸும் புளூஸும் நடத்துகிறது. ராமா 3 சாலையில் 1999இல் திறந்த தவான்டாங் ஜெர்மன் பீர்க்கூடத்தில், தாய்லாந்துச் செவ்வியல் இசையை மேற்கத்திய இசையோடு கலந்த ஃபொங் நாம் குழுவை இசைக்கலைஞர் புரூஸ் காஸ்டன் பல ஆண்டுகள் மேடையேற்றினார். பீர்ப்பீப்பாய்களுக்கு நடுவே அப்படிப்பட்ட இசை ஒலித்தது வியப்புதான்.

மொழியும் நாடும் பிரித்த சந்துகளும் உண்டு. சீலோமை ஒட்டிய தனியாவில் பலகைகள் ஜப்பானிய மொழியில். பல கிளப்புகள் ஜப்பானியருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே இருந்தன. சுகும்விட் சாலையின் தொடக்கத்தில் அரபுக் கடைகள், நானாவைச் சுற்றி இந்தியப் பயணிகளுக்கான இந்திப் பாட்டுக் கிளப்புகள். காவ் சான் தெரு ஒருகாலத்தில் அரிசி வியாபாரத் தெரு; 1982இல் நகரின் இருநூறாண்டு விழாவை ஒட்டிப் பயணிகள் குவிந்தபோது வீட்டு அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கியதில் இளம் பயணிகளின் இரவுத் தெருவாக மாறியது. சீலோம் சோய் 2, சோய் 4 இரண்டும் எண்பதுகள் முதல் ஒருபாலீர்ப்பாளர்களின் இடங்கள். 2025 ஜனவரி 23 அன்று திருமணச் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இச்சந்துகள் மறைவின்றி இயங்கின.

குளியல்-மசாஜ் நிலையங்கள் 1966 சட்டத்தின் முரண்பாட்டை முழுமையாகச் சுமப்பவை. ராட்சடா சாலையில் ஹோட்டல் போன்ற பெரும் கட்டடங்களாக அவை எழுந்தன. கண்ணாடிக்குப் பின்னே எண்ணட்டை குத்திய பெண்கள் படிகளில் அமர்ந்திருப்பார்கள். 1996இன் பாலியல் தொழில் தடுப்புச் சட்டப்படி உள்ளே நடப்பது குற்றம். கட்டடத்துக்கோ அரசு உரிமம் உண்டு. இடைவெளியை நிரப்புவது மாமூல். இத்தொழிலின் பெரும் முதலாளி சுவிட் கமோல்விசிட்டின் கதை அதை ஊரறியச் செய்தது. 2003 ஜனவரியில் சுகும்விட் சோய் 10இல் இருந்த பார்களும் கடைகளும் ஒரே இரவில் அடியாட்களால் இடித்துத் தள்ளப்பட்டன. நிலத்தைக் காலிசெய்யவே அது நடந்தது. அதற்காகக் கைதான சுவிட், தான் காவல் அதிகாரிகளுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்த பணத்தையும் கைக்கடிகாரங்களையும் பற்றிப் பத்திரிகையாளர் முன் பேசத் தொடங்கி, அதையே முதலாக வைத்து அரசியலுக்கு வந்து நாடாளுமன்ற உறுப்பினருமானார். இடிப்பு வழக்கில் 2016இல் உச்சநீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. இந்தக் கூடங்களில் வேலை செய்யும் பெண்கள் பக்கம் நின்று பேசும் எம்பவர் அமைப்பு 1985இல் பாட்போங்கில் ஆங்கில வகுப்பாகத் தொடங்கியது. தொழிலைக் குற்றமாக வைத்திருப்பதுதான் மாமூலுக்கும் கூலி ஏய்ப்புக்கும் வேர் என்பது அதன் வாதம். சட்டத்தின் நடைமுறையைப் பார்த்தால் அதை மறுப்பது எளிதல்ல.

மூடும் நேரம் அரசியலோடு சேர்ந்து ஏறி இறங்கியது. 2001இல் தக்சின் அரசின் உள்துறை அமைச்சர் புரச்சாய் பியம்சொம்புன் 'சமூக ஒழுங்கு' இயக்கத்தைத் தொடங்கினார். நள்ளிரவில் போலீஸார் கிளப்புக்குள் புகுந்து, விளக்கைப் போட்டு, கதவை அடைத்து, அடையாள அட்டை பார்த்து, உள்ளே இருப்போர் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்திச் சிறுநீர்ச் சோதனை செய்தார்கள். இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அகப்பட்டால் கடைக்குப் பூட்டு. தொடர்ந்து, பாட்போங், ஆர்.சி.ஏ., ராட்சடா ஆகிய மூன்றும் கேளிக்கை மண்டலங்கள் ஆயின. அங்கே இரவு 2 மணி வரை திறந்திருக்கலாம், மற்ற இடங்களில் அதற்கு முன்பே மூட வேண்டியிருந்தது. மண்டலத்துக்குள் வாடகை ஏறியது. வெளியே இருந்தவர்கள் உணவகம் என்ற பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

உணவகம் என்று பதிந்த கூடத்துக்குக் கேளிக்கையிடத்துக்கான தீ விதிகளும் வாசல் கணக்கும் ஆள் வரம்பும் அதே கண்டிப்போடு பொருந்துவதில்லை. இதன் விலை 2009 புத்தாண்டு இரவில் எக்கமாயின் சாந்திகா கிளப்பில் தெரிந்தது. மத்தாப்பு வெடித்த சற்று நேரத்தில் கூரை பற்றிக்கொண்டது, விளக்கு அணைந்தது, பெரும்பாலோர் தாம் வந்த முன்வாசலை நோக்கியே நெருக்கினார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். உரிமத் தகராறு பல ஆண்டுகளாக இழுபட்ட நிலையில்தான் அந்தக் கூடம் நடந்துவந்தது. விசாரணைகள் நடந்தன, உரிமையாளர் சிறை சென்றார், விதிகள் எழுதப்பட்டன. 2022 ஆகஸ்டில் சோன்புரி மாகாணத்தில் இன்னொரு கிளப் எரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதுவும் உணவகமாகவே பதிவாகியிருந்தது தெரியவந்தது.

2000க்குப் பிறகு வந்த இரு புதிய வகைகளையும் நிலமே உருவாக்கியது. முதலாவது, கூரைமேல் பார். 1997 நிதிநெருக்கடி வானுயரக் கட்டடங்கள் பலவற்றைக் காலியாகவும் அரைகுறையாகவும் விட்டது. அந்தத் தேக்கத்திலிருந்து மீண்ட ஸ்டேட் டவரின் 63ஆம் மாடியில் ஸ்கை பார் வந்தது; 2011இல் 'தி ஹேங்ஓவர்' திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தில் இடம்பெற்ற பின் கூட்டம் பன்மடங்கானது. அதே கட்டடக் கலைஞரின் இன்னொரு கோபுரம் சற்றுத் தள்ளி இன்றும் முடிக்கப்படாமல் நிற்கிறது. இரண்டாவது வகை, யாவரட்டின் பழைய கடை வீடுகளில் வந்த சின்னப் பார்கள். நாட்டுமருந்துக் கடைகள் நிறைந்த அங்குள்ள சோய் நானாவில் (சுகும்விட்டின் நானாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது) 2015ஐ ஒட்டி ஜின் பார்களும், தாய்லாந்துச் செவ்வியல் இசையோடு மூலிகைச் சாராயம் பரிமாறும் டெப் பாரும் திறந்தன.

யாடொங் எனப்படும் அந்த மூலிகைச் சாராயம் ஏழைகளின் சரக்கு. சிவப்புத் துணியால் வாய் கட்டிய கண்ணாடி ஜாடிகள் தெருவோரத் தள்ளுவண்டியில் வரிசையாக இருக்கும். வேரும் பட்டையும் ஊறிய பழுப்புத் திரவத்தை ஒரு சிறு கிளாஸில் ஊற்றி, உடன் கடிக்க உப்புமிளகாய் தொட்ட மாங்காய்த் துண்டோ புளியோ தருவார்கள். 2024 ஆகஸ்டில் பாங்காக்கின் கிழக்குப் பகுதிகளில் மெத்தனால் கலந்த யாடொங் குடித்துப் பலர் இறந்தார்கள். சட்டத்துக்குள் வந்து சாராயம் காய்ச்சுவது சிறு ஆட்களுக்கு நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது; முதலீட்டு, உற்பத்தி வரம்புகள் இரண்டு பெரும் குழுமங்களுக்கு மட்டுமே வசதியாக இருந்தன. வீட்டில் பீர் காய்ச்சியதற்காக 2017இல் கைதான தாவோபிபோப் லிம்ஜித்ரகோர்ன் பின்னர் நாடாளுமன்றம் சென்று இதற்காகவே மசோதா கொண்டுவந்தார். 2022 நவம்பரில் வரம்புகள் ஓரளவு தளர்ந்தன.

கொரோனாக் காலம் இந்தத் தொழிலை மற்ற எதையும்விட நீண்ட காலம் முடக்கியது. 2020 மார்ச்சில் கூடங்கள் மூடப்பட்டன, ஜூலையில் திறந்தன. 2021 ஏப்ரலில் தோங்லோர் கிளப்புகளிலிருந்து தொற்று பரவியதும் மறுபடி மூடியவை 2022 ஜூன் வரை கேளிக்கையிடங்களாகத் திறக்கப்படவில்லை. இடையில் அரசே கொடுத்த வழி விநோதமானது: பப்புகள் உணவகமாக மாறிக்கொண்டால் இரவு 11 மணி வரை திறக்கலாம். காவல்துறை அதுவரை கண்டும் காணாமல் விட்ட தந்திரம் அப்போது அதிகாரபூர்வ ஆணையாயிற்று. நாள் கூலிக்கு வாசித்த கலைஞர்களும் கூடங்களின் பணியாளர்களும் முறையான வேலைப் பதிவு இல்லாததால் நிவாரணத்திலும் பின்தள்ளப்பட்டார்கள்.

சுற்றுலா வருமானத்தை மீட்க, 2023 டிசம்பர் 15 முதல் பாங்காக், புக்கெட், சோன்புரி, சியாங் மாய், சமுய் தீவு ஆகிய இடங்களில் அதிகாலை 4 மணி வரை அனுமதி வந்தது. அது உரிமம் பெற்ற கேளிக்கையிடங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும். உணவகமாகப் பதிந்தவை நள்ளிரவோடு மது விற்பனையை நிறுத்த வேண்டும். புது நேரத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: வண்டியோட்டிப் போக இருப்பவரை வாசலில் ஊதச் சொல்லி, அளவு மீறியிருந்தால் கூடத்திலேயே ஓய்வெடுக்க இடம் தர வேண்டும். நகர ரயில்களோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடுகின்றன. நான்கு மணிக்குக் கதவடைத்துப் புறப்படும் பணியாளருக்கு டாக்சியும் மோட்டார்சைக்கிளும்தான்.

மது விற்பனை நேரத்தில் 1972 முதல் இருந்துவந்த பிற்பகல் 2 முதல் 5 வரையிலான தடை அரசு ஊழியர் அலுவலக நேரத்தில் குடிப்பதைத் தடுக்க வந்தது. பௌத்தப் புனித நாட்களின் விற்பனைத் தடையிலிருந்து ஹோட்டல்களுக்கும் உரிமம் பெற்ற கூடங்களுக்கும் 2025இல் விலக்குக் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் திருத்தப்பட்ட சட்டம், நேரம் கடந்து கடையில் உட்கார்ந்து குடிக்கும் வாடிக்கையாளருக்கே 10,000 பாட் முதல் அபராதம் என்றது. வியாபாரிகள் கொதித்தார்கள். சில வாரங்களில், டிசம்பர் தொடக்கத்தில், பிற்பகல் தடையை அரசு 180 நாள் சோதனையாக விலக்கியது.